புளூட்டோவைக் கடக்க ஒரே நாள்... தரவு வந்துசேர 15 மாதம்! ஏன்?

2015 ஜூலை 14. ஒன்பதரை ஆண்டுகள் பயணித்த நாசாவின் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம், புளூட்டோவை மணிக்குச் சுமார் 50,000 கி.மீ. வேகத்தில் கடந்துபோனது. ஆனால், அங்கே சேகரித்த தரவின் கடைசித் துண்டு பூமிக்கு வந்தது 2016 அக்டோபர் 25-ல். மொத்தமே சுமார் 6 ஜிபி-தான். ரெண்டு எச்.டி. படம் டவுன்லோடு பண்ற அளவு!

ஏன் இவ்வளவு தாமதம்?

கலத்தின் டிரான்ஸ்மிட்டர் சக்தி சுமார் 12 வாட். வீட்டு எல்இடி பல்பு அளவுதான். அந்த சிக்னல் 470 கோடி கி.மீ.க்கு மேல் கடந்து வர வேண்டும். ஒளியின் வேகத்தில் வந்தாலும் சுமார் நாலரை மணி நேரம். தூரம் இரண்டு மடங்கானால், சிக்னலின் வலிமை நான்கில் ஒரு பங்காகிவிடும். அதனால் கிடைத்த வேகம் நொடிக்கு 1 முதல் 2 கிலோபிட். போனில் எடுத்த 5 எம்பி போட்டோ ஒன்றை 2 கிலோபிட்டில் அனுப்பினால்கூட ஐந்தரை மணி நேரம் ஆகும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தக் கலத்தின் ஆன்டெனா தனியாகத் திரும்பாது. கேமரா புளூட்டோவைப் பார்த்தால், ஆன்டெனா பூமியைப் பார்க்காது. அதனால் முதலில் எடுத்துச் சேமி, அப்புறம் அனுப்பு என்பதுதான் திட்டம். 'நலமாக இருக்கிறேன்' என்ற சிக்னலே, புளூட்டோவை நெருங்கிக் கடந்த 13 மணி நேரத்துக்குப் பிறகுதான் வந்தது. நெருங்கிக் கடந்தபோது எடுத்த தரவெல்லாம் அதுவரை கலத்துக்குள் மட்டுமே இருந்தது. தொலைந்திருந்தால், திரும்பிப் போய் எடுக்க வழியில்லை.

கேட்கும் காதுகள்

இந்த மெல்லிய சிக்னலைப் பிடிப்பது நாசாவின் டீப் ஸ்பேஸ் நெட்வொர்க். அமெரிக்காவின் கோல்ட்ஸ்டோன், ஸ்பெயினின் மாட்ரிட், ஆஸ்திரேலியாவின் கான்பெரா ஆகிய மூன்று இடங்களிலும் தலா ஒரு 70 மீட்டர் டிஷ். பூமி சுழன்றாலும் ஏதாவது ஒன்று கலத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். மங்கள்யானுக்கும் இந்த நெட்வொர்க் கைகொடுத்தது. இந்தியாவுக்கென பெங்களூரு அருகே பியாலாலுவில் 32 மீட்டர் டிஷ் இருக்கிறது.

கலங்கள் பெருகப் பெருக, டிஷ் நேரத்துக்கு க்யூ நீள்கிறது. 2022-ல் ஆர்ட்டெமிஸ்-1 நிலவுக்குப் போனபோது, மற்ற திட்டங்கள் தங்கள் நேரத்தை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது.

லேசர் வந்தால் தீருமா?

2023 டிசம்பரில் சைக்கி விண்கலம், சுமார் 3.1 கோடி கி.மீ. தூரத்திலிருந்து ஒரு பூனை வீடியோவை லேசரில் அனுப்பியது. வேகம் நொடிக்கு 267 மெகாபிட்! நம்பிக்கை தரும் முயற்சிதான். ஆனால், மேகம் மறைத்தால் லேசர் பூமியை எட்டாது. ரேடியோ டிஷ்களின் தேவை இப்போதைக்குத் தீராது.

ராக்கெட் கிளம்பும்போது எல்லோரும் கைதட்டுகிறார்கள். தரையில் நிற்கும் டிஷ்ஷுக்குக் கைதட்டல் இல்லை. பராமரிப்புச் செலவு மட்டும் கணக்கில் உறுத்துகிறது. ஆனால், வந்துசேராத தரவு எடுக்காத தரவுக்குச் சமம். ஒவ்வொரு புதிய கலத்துக்கும் நிதி ஒதுக்கும்போதே, அதன் குரலைக் கேட்கும் டிஷ்ஷுக்கும் சேர்த்து ஒதுக்குவதே சரியான கணக்கு.