பொன்னாடைக்கு அடியில்

கிழவர்களுக்குக் கலை வழங்குவது இப்போது ஒரு தர்ம காரியமாகிவிட்டது. முதியோர் இல்லத்துக் கூடத்தில் வரிசையாக நாற்காலிகள். கல்லூரிப் பெண்கள் வந்து கோலாட்டம் ஆடுகிறார்கள். பிறகு தேநீர், பிஸ்கட், புகைப்படம். தொண்டு செய்தவர்கள் திருப்தியோடு வேனில் ஏறுகிறார்கள். உட்கார்ந்திருந்தவர்களில் நாற்பது வருஷம் ராஜபார்ட் வேஷம் கட்டியவர் ஒருவர் இருந்திருக்கலாம். யாரும் விசாரிக்கவில்லை.

கோலாட்டத்தின் தரம் கிடக்கட்டும். முதுமை என்பது வாங்கிக்கொள்ளும் பருவம் மட்டுமே என்ற எண்ணத்தைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன். கலை மருந்து, கிழவர் நோயாளி, நாம் வைத்தியர். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல். அத்தனை பேரையும் பார்வையாளர்களாக உட்காரவைத்துவிட்டு, பாரம்பரியம் அழிகிறதென்று கருத்தரங்குகளில் அழுகிறோம்.

கை நடுங்குகிறது, மறதி வந்துவிட்டது, இவர்களிடம் என்ன கேட்பது என்பார்கள். ஜப்பானிய நாடக இயக்குநர் யூகியோ நினகவா கேட்டார். 2006இல், தோக்கியோவை அடுத்த சைதாமாவில், 55 வயதுக்கு மேற்பட்டவர்களைக் கொண்டே 'கோல்டு தியேட்டர்' என்ற குழுவை அமைத்தார். விண்ணப்பித்தவர்கள் ஆயிரத்துக்கு மேல். எடுத்துக்கொண்டது 48 பேரை. பொழுதுபோக்க அல்ல, ஒத்திகை பார்க்க. ஒரு மனிதன் வாழ்ந்த வாழ்க்கை அவன் உடம்பில் தங்கியிருக்கிறது, அதுவே நடிப்புக்கு மூலப்பொருள் என்று நம்பினார். 2016இல் அவர் இறந்த பின்னும் குழு 2021 வரை நடித்தது.

இங்கே? விராலிமலை முருகன் கோயிலில் சதிர் ஆடியவர் முத்துக்கண்ணம்மாள். தானே பாடிக்கொண்டு தானே ஆடுபவர். 1947ஆம் வருஷச் சட்டம் பொட்டுக்கட்டும் வழக்கத்தை நிறுத்தியது. நிறுத்தவேண்டியதுதான். ஆனால் ஆடிய பெண்களைச் சபா மேடையிலிருந்தும் தள்ளிவைத்தது சட்டமல்ல, நமது ரசனை. அவர்களுடைய ஆட்டம் மட்டும் பரதநாட்டியம் என்ற பெயரில் செழித்தது. அவருக்குப் பத்மஸ்ரீ வந்தது 2022இல், எண்பதைத் தாண்டிய பிறகு. விருதைக் குறை சொல்லவில்லை. இடையில் போன 75 வருஷங்களை எந்த விருது திருப்பித்தரும்?

சிறுபத்திரிகைக்காரர்களாகிய நாமும் யோக்கியர்கள் அல்ல. வயதான கூத்துக் கலைஞரிடம் போகிறோம். பேட்டி எடுக்கிறோம், பதிவு செய்கிறோம், செத்த பிறகு சிறப்பிதழ் போடுகிறோம். பதிவில் குரல் இருக்கும். அடவு பிசகும்போது சுள்ளென்று அவர் விழும் கோபம் இராது. அந்தக் கோபத்தின் வழியாகத்தான் பாரம்பரியம் கைமாறுகிறது. அது விழுவதற்கு எதிரே ஒரு மாணவன் வேண்டும்.

ஆகவே, முதியோருக்காக நிகழ்ச்சி நடத்துவதைக் கொஞ்சம் நிறுத்துவோம். அவர்களிடம் வேலை கேட்போம். செய்த வேலைக்குக் கூலி கொடுப்போம். பொன்னாடையால் உலை கொதிக்காது. அதைப் போர்த்துகிற வேகத்தைப் பார்த்தால், ஆளை மூடத்தான் அவசரமோ என்று தோன்றுகிறது.