பத்து மைக்ரான் விலகல்

1980-களில் அசோக் லேலண்ட், டைட்டன் போன்ற ஆலைகள் ஓசூரில் காலூன்றின. உலோகத்தை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில் கடைவது அதன்பின் இவ்வட்டாரத்தின் அன்றாடத் தொழிலாகிவிட்டது. கிருஷ்ணகிரி மாவட்டப் பிள்ளைகள் பலர் பள்ளி முடித்ததும் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் வழியாக அந்தப் பட்டறைகளுக்கே போகிறார்கள். அவர்களில் பிளஸ் ஒன்னில் கணிதம் எடுத்தவர்கள் படித்த வகைநுண்கணிதத்துக்கும் இந்தத் தொழிலுக்கும் நேரடி உறவு உண்டு. அது கண்ணில் படாமல் போவதற்குத் தொடுகோட்டை நாம் அறிமுகப்படுத்தும் விதமும் ஒரு காரணம் என்கிறோம்.

வட்டத்தை ஒரே புள்ளியில் தொடும் நேர்கோடு தொடுகோடு என்று பத்தாம் வகுப்பு வடிவியலில் படிக்கிறோம். வட்டத்துக்கு இது சரி. மற்ற வளைவரைகளுக்கு இதையே நீட்டினால் இடறுகிறது. ‘எக்ஸ் கனம்’ என்ற சார்பின் வளைவரைக்கு (1, 1) புள்ளியில் வரையும் தொடுகோடு, அதே வளைவரையை (−2, −8) புள்ளியில் மறுபடி வெட்டுகிறது. ஆதிப்புள்ளியிலோ தொடுகோடு வளைவரையை ஊடறுத்தே செல்கிறது. மறுபுறம், பரவளையத்தை அதன் அச்சுக்கு இணையான கோடு ஒரே புள்ளியில்தான் சந்திக்கிறது. ஆனாலும் அது தொடுகோடு ஆகாது. ஆக, ஒரு புள்ளியில் சந்திப்பது என்ற நிபந்தனை தேவையானதுமில்லை, போதுமானதுமில்லை.

தொடுகோட்டின் உண்மையான அடையாளத்தைப் பட்டறைக் கணக்கிலேயே காணலாம். 50 மி.மீ. ஆரமுள்ள வட்டத்தின் ஒரு புள்ளியிலிருந்து தொடுகோட்டின் வழியே 1 மி.மீ. நகர்ந்தால், வட்டத்திலிருந்து விலகுவது சுமார் 10 மைக்ரான். அரை மி.மீ. நகர்ந்தால் 2.5 மைக்ரான். 0.1 மி.மீ. நகர்ந்தால் 0.1 மைக்ரான்தான். தூரம் பத்தில் ஒன்றானால் விலகல் நூறில் ஒன்றாகிறது. அதே புள்ளி வழியே வேறு சாய்வில் ஒரு கோடு வரைந்தால், புள்ளியை நெருங்க நெருங்க அதன் விலகல் தூரத்தின் விகிதத்தில்தான் குறையும். தூரத்தைவிட வேகமாக விலகல் சுருங்கும் அந்த ஒரே கோடுதான் தொடுகோடு. அதன் சாய்வே வகைக்கெழு. கணினிவழி இயங்கும் சி.என்.சி. எந்திரத்தில் வட்டவில்லுக்குத் தனிக் கட்டளை உண்டு. டை, மோல்டு ஆகியவற்றின் சிக்கலான வளைவுகளை மென்பொருள் பெரும்பாலும் சிறுசிறு நேர்கோடுகளாக நறுக்குகிறது. அவை நாண்கள் என்றாலும் விதி இதுவே: துண்டின் நீளத்தைப் பாதியாக்கினால் பிழை ஏறத்தாழ கால்பங்காகும்.

இப்படிப் பார்த்தால் இன்னொரு குழப்பமும் விலகும். ‘எக்ஸ் வர்க்கம்’ என்பதன் வகைக்கெழு 2எக்ஸ். அதை வரைந்தால் நேர்கோடு வருவதால், அதுதான் தொடுகோடு என்று மாணவர் நினைத்துவிடுவது எளிது. எந்த இடத்தில் என்ன சாய்வு என்பதைத்தான் 2எக்ஸ் சொல்கிறது. எக்ஸ் 3 எனில் சாய்வு 6. அந்தச் சாய்வோடு (3, 9) வழியே செல்லும் ‘6எக்ஸ் − 9’ என்பதுதான் அங்கே தொடுகோடு. வகைக்கெழுவுக்குப் படமே கட்டாயமில்லை என்பதற்கும் சான்று உண்டு. 1150-இல் சித்தாந்த சிரோமணி எழுதிய பாஸ்கரர், கோள்களின் கணநேர வேகத்தைக் கணக்கிடும்போதே இந்தக் கருத்தை நெருங்கிவிட்டார்.

‘மிக நெருங்கிய கோடு’ என்பது தளர்வான பேச்சு, எல்லை வரையறைதான் கறாரானது என்று ஆசிரியர்கள் மறுக்கலாம். விலகலைத் தூரத்தால் வகுத்தால் வரும் ஈவு சுழியத்தை நோக்கிச் செல்லும் என்பதும் எல்லை வரையறைதான். கறார் எங்கும் குறையவில்லை. எல்லாவற்றையும் மென்பொருள் செய்துவிடுகிறதே என்பது தொழில் தரப்பின் கேள்வி. எவ்வளவு பிழையை ஏற்பது, அதற்காக எவ்வளவு நேரம் கொடுப்பது என்பதை மனிதர்தான் அதற்குச் சொல்லியாக வேண்டும். பிழையைக் கால்பங்காக்க துண்டுகள் இருமடங்கானால் போதும் என்று அறிந்தவர் நான்கு மடங்காக்கி எந்திர நேரத்தை வீணாக்கமாட்டார்.

தேர்வுக்குச் சூத்திரம் போதுமே என்ற வாதத்தில்தான் வலு இருக்கிறது. தொடுகோட்டின் சமன்பாட்டை மட்டும் கேட்கும் வினாத்தாளுக்கு மனப்பாடமே போதும். எனவே வகுப்பறையை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. தொடுகோட்டிலிருந்து விலகல் எவ்வளவு, அது எந்த வேகத்தில் சுருங்குகிறது என்ற கேள்விக்கு வினாத்தாளில் மதிப்பெண் ஒதுக்கட்டும். தூரத்தையும் விலகலையும் அட்டவணை போட்டுப் பார்க்கும் பழக்கம் வகுப்புக்குத் தானாக வரும்.