55 கிலோவில் சோறு எவ்வளவு?

ஒவ்வொரு இந்தியரும் ஆண்டுக்கு 55 கிலோ சாப்பாட்டை வீட்டுக் குப்பையில் கொட்டுகிறார், அதை மிச்சப்படுத்தினாலே நாட்டில் பசி தீர்ந்துவிடும் என்று மேடைதோறும் பேசுகிறார்கள். பள்ளிக் கட்டுரைப் போட்டியில் பிள்ளைகளும் அதையே எழுதுகிறார்கள். இது தவறான நம்பிக்கை. அந்த 55 கிலோ முழுவதும் சாப்பாட்டின் எடை அல்ல.

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கையில் உள்ள எண் இது. எதை உணவு விரயம் என்று கொள்கிறோம் என்பதை அந்த அறிக்கை ஒளிக்கவில்லை. உண்ணத்தக்க பகுதியோடு எலும்பு, தோல், கொட்டை போன்ற உண்ணமுடியாத பகுதியும் அதில் சேர்த்தி. வாழைப்பழத் தோலும் மாங்கொட்டையும் பலாச் சடையும் அந்த எடைக்குள்தான் வருகின்றன. இவற்றை மிச்சப்படுத்தி யார் பசியை ஆற்றுவது?

இப்படிப்பட்ட எண்கள் எப்படி வருகின்றன என்பதையும் பார்க்க வேண்டும். இதற்கு முந்தைய 2021 அறிக்கை இந்தியாவுக்குப் போட்டது 50 கிலோ. டேராடூனில் கிடைத்த 73, 20 என்ற இரண்டு எண்கள், ஆந்திரத்தின் ராஜாம் என்ற சிறிய ஊரில் கிடைத்த 58, இந்த மூன்றின் சராசரி அது. ஒரே ஊரிலேயே 73க்கும் 20க்கும் இடையே இத்தனை தூரம். இப்படி வரும் சராசரியை வைத்து நாடு முழுவதையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அநியாயம்.

இந்தப் பழி கடைசியில் சமைப்பவர் தலையில்தான் விழுகிறது. மொச்சைக்காயை வாங்கி உரித்து, மீனை ஆய்ந்து, தேங்காய் துருவிக் குழம்பு வைக்கும் வீட்டின் குப்பைக் கூடை கனக்கத்தான் செய்யும். உரித்த பட்டாணியைப் பாக்கெட்டில் வாங்கும் வீட்டுக் கூடை இலேசாக இருக்கும். தொலி எங்கோ ஆலையில் விழுந்துவிட்டது, அவ்வளவுதான். தராசை மட்டும் நம்பினால் முதல் வீடு ஊதாரி, இரண்டாவது வீடு சிக்கனம்.

நம் வீடுகளில் எதுவும் வீணாவதில்லை என்று நான் சொல்லவரவில்லை. ஃபிரிட்ஜில் நாலு நாள் கிடந்து ஊசிப்போன சாம்பார், புளித்துப் பொங்கிய தோசை மாவு, இவைதான் உண்மையான விரயம். இவை பெரும்பாலும் சிங்க்கில் போகின்றன. ஐ.நா. வரையறை சாக்கடையில் போவதையும் விரயம் என்றே சொல்கிறது. ஆனால் கூடையை நிறுக்கும் தராசுக்கு அது எப்படித் தெரியும்? மீந்த சோறு மாட்டின் கழுநீர்த் தொட்டிக்குப் போனால் அந்த வரையறையில் விரயமில்லை, உரக்குழிக்குப் போனால் விரயம். பீர்க்கங்காய்த் தோல் ஒரு வீட்டில் துவையல், அடுத்த வீட்டில் குப்பை.

பிரிட்டனில் உண்ணத்தக்கதையும் மற்றதையும் பிரித்துக் கணக்கிடுகிறார்கள். அங்கே வீட்டு உணவுக் கழிவில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு உண்ணத்தக்கது. அந்த விகிதத்தை அப்படியே தூக்கி இங்கே பொருத்தவும் முடியாது. அவர்கள் சமையல் வேறு, நம் சமையல் வேறு. நம் மாநகராட்சிகள் மக்கும் குப்பையை மொத்தமாக நிறுக்கின்றன. அதில் பூமாலையும் வாழை இலையும்கூடக் கிடக்கின்றன. வார்டுக்குச் சில வீடுகளையாவது தேர்ந்து, சோறு, குழம்பு, பழம் தனியாகவும் தோல், கொட்டை, எலும்பு தனியாகவும் பிரித்து நிறுக்கட்டும். சிங்க்கில் என்ன கொட்டினீர்கள் என்று கேட்டு எழுதட்டும். அந்தக் கணக்கு கைக்கு வரும்வரை, 55 கிலோவைக் காட்டிச் சமையலறையில் நிற்பவரைக் குற்றம் சொல்லும் பேச்சை மேடைகள் நிறுத்த வேண்டும்.