உரிமை என்றால் மறதியா?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தபோது ஊனத்தின் 7 வகைகள் 21 ஆகின. நாட்பட்ட நரம்பு நோய்களில் பார்கின்சன் நோயைப் பெயர் சொல்லிச் சேர்த்தவர்கள், வலிப்பு நோயின் பெயரைச் சேர்க்கவில்லை. புதிய வகைகளை அறிவிக்கை மூலமே சேர்க்கும் அதிகாரத்தை அதே சட்டம் மத்திய அரசுக்குத் தந்திருக்கிறது. அதன் பிறகும் நீடிக்கும் இந்த விடுபடலை ஏற்க முடியாது.

கீழே விழுந்து கைகால் இழுப்பது மட்டுமே வலிப்பு என்ற எண்ணத்தில் எடுத்த முடிவு இது. வலிப்பு நோயுள்ள பிள்ளையின் சிந்தனைக்குள் நடப்பதைப் பட்டியல் வகுத்தவர்கள் பார்க்கவில்லை. லாஸ் ஏஞ்சலிஸில் மருத்துவர் ரோஷல் கேப்லனும் குழுவினரும் 1990களில் வலிப்பு நோயுள்ள பிள்ளைகளைக் கதை சொல்ல வைத்து ஆராய்ந்தார்கள். மூளையின் ஒரு பகுதியில் தொடங்கி நினைவைத் தடுமாறச் செய்யும் வகை வலிப்பு இருந்த பிள்ளைகள், மற்றப் பிள்ளைகளைவிட அதிகமாகப் பொருந்தாத காரணங்களைச் சொன்னார்கள். வாக்கியங்களைக் கோத்துச் செல்லும் சொற்கள் அவர்கள் பேச்சில் குறைந்திருந்தன. 'அவன் அடிச்சிட்டான்' என்று பிள்ளை சொல்லும். எவன் என்று கேட்பவருக்குப் புரியாது.

இந்தப் பிள்ளைதான் 'காரணம் கூறுக' என்ற கேள்வியின் முன் உட்கார்கிறது. தெரிந்த பதிலும் கோவையாக வருவதில்லை. திமிர் என்கிறது பள்ளி. படிப்பில் அக்கறையில்லை என்கிறது வீடு. சான்றிதழுக்குப் போனால் நுண்ணறிவு எண்ணை அளக்கிறார்கள். இல்லையென்றால் வாசிப்பு, எழுத்து, கணக்கைச் சோதிக்கிறார்கள். இரண்டிலும் தப்பிவிடும் பிள்ளைக்குச் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாததால் தேர்வில் கூடுதல் நேரமும் இல்லை. காரணத்தைக் கோக்கத் திணறும் பிள்ளையிடம், தன் திணறலை நிரூபித்துக் காட்டு என்கிறோம். இது கொடுமை.

இதே அதிகார வட்டத்துக்கு வலிப்பு என்ற பெயர் தெரியாததல்ல. 1976இல் இந்து திருமணச் சட்டத்தைத் திருத்தியபோது, திருமணத் தகுதியை மறுக்கும் வரியில் மனநோயோடு சேர்த்து வலிப்பையும் எழுதினார்கள். அதை நீக்க 1999 வரை ஆனது. இடையில் 1995இல் இயற்றிய ஊனமுற்றோர் சட்டத்தின் 7 வகைகளிலும் வலிப்பு இல்லை. தடை விதிக்க நினைவுக்கு வந்த நோய், உரிமை தரும்போது மட்டும் மறந்துபோகிறது. ஒருமுறை என்றால் கவனக்குறைவு எனலாம். இரண்டு சட்டங்களில் நேர்ந்தால் அது அலட்சியம்.

வலிப்பு நோயுள்ள பிள்ளையின் சிந்தனையையும் பேச்சையும் கணக்கில் எடுக்கும் வழியை அரசு கண்டாக வேண்டும். பட்டியல் வகுத்தவர்களின் வசதிக்காக ஒரு பிள்ளையும் தோற்கக் கூடாது.