வீழ்ந்த சுற்றும் எழுந்த சுற்றும்

தேர்வு முடிவுகள் வெளியாகும் நாளில் முதன்மை பெற்றோரின் பெயர்களைப் பலகையில் எழுதி மகிழ்கிறோம். அது வேண்டுவதே. ஆனால் தேர்ச்சிப் பட்டியலில் தன் எண்ணைக் காணாது, எவர் கண்ணிலும் படாமல் திரும்பிச் செல்லும் மாணவனுக்கு நாம் கூறுவது என்ன? "நடந்ததை மறந்துவிடு" என்பதே பெரும்பாலும் நம் ஆறுதலாக இருக்கிறது. அந்த ஆறுதல் நன்மை பயக்குமா என எண்ணிப் பார்க்க, நம் மாணவர்கள் தொலைக்காட்சியில் மட்டுமே கண்டிருக்கக்கூடிய ஒரு விளையாட்டைத் துணை கொள்வோம். அது குழிப்பந்தாட்டம் எனப்படும் கோல்ஃப்.

பரந்த புல்வெளியில் 18 குழிகள். சிறு பந்தினைக் கோலால் அடித்து, ஒவ்வொரு குழியிலும் வீழ்த்த வேண்டும். மிகக் குறைந்த அடிகளில் முடிப்பவரே வெற்றியாளர். பெரும் போட்டிகள் நான்கு நாள், நான்கு சுற்றாக நடைபெறும். நான்கின் கூட்டுத்தொகையே முடிவைத் தீர்மானிக்கும். டென்னிசில் ஒரு செட்டை எத்துணை மோசமாக இழந்தாலும் அடுத்த செட் சுழியிலிருந்து தொடங்கும். கோல்ஃபில் அவ்வாறன்று. முதல் நாள் பிழைத்த அடி நான்காம் நாளும் கணக்கில் நிற்கும்.

இன்னும் இரண்டு விதிகள் நம் கருத்தைக் கவர்கின்றன. பந்து மணலில் வீழ்ந்தாலும் புதரோரம் ஒதுங்கினாலும், கிடக்கும் இடத்திலிருந்தே அதை ஆடுவது பொதுவிதி. சுற்று முடிந்தபின், தம் அடிகளின் எண்ணிக்கை சரியே என்று ஆட்டக்காரர் கையொப்பமிட வேண்டும். உண்மையினும் குறைத்துக் காட்டிய அட்டையில் ஒப்பமிட்டால் பொதுவாகத் தகுதிநீக்கமே தண்டனை. மறப்பதற்கும் மறைப்பதற்கும் இடந்தராத ஆட்டம் இது. அப்படியாயின் வீழ்ந்தவர் எழுவது எங்ஙனம்?

கொல்கத்தாவைச் சேர்ந்த சௌராசியாவின் வரலாறு இதற்கு விடை கூறுகிறது. 1829இல் தோன்றிய ராயல் கல்கத்தா கோல்ஃப் கழகத்தில் புல்வெளியைப் பேணும் பணியாளராக இருந்தவர் அவருடைய தந்தை. செல்வர்தம் ஆட்டமெனக் கருதப்படும் ஒன்றைத் தாமே பார்த்துப் பழகித் தேர்ந்தவர் மகன். 2015ஆம் ஆண்டு தில்லியில் நடந்த இந்திய ஓபன் போட்டியில், இறுதிச் சுற்று தொடங்கும்போது, அனிர்பன் லாகிரியைவிட ஏழு அடிகள் முன்னணியில் இருந்தார். அன்று மாலைக்குள் அம்முன்னணி முழுவதும் கரைந்தது. இருவரும் சமநிலை எய்தினர். முடிவு காண ஆடிய கூடுதல் ஆட்டத்தில் லாகிரி வென்றார். அப்போட்டியில் சௌராசியா இரண்டாமிடத்தோடு திரும்பியது அது நான்காம் முறை.

அடுத்த ஆண்டு அதே தில்லிக் களத்திற்கு அவர் மீண்டும் வந்தார். இரண்டு அடி வேறுபாட்டில் வென்றார். இரண்டாமிடத்தைப் பகிர்ந்துகொண்டவர்களுள் ஒருவர் அதே லாகிரி. 2017இல் குருகிராமில் பட்டத்தைத் தக்கவைத்தபோது அவர் பெற்ற வேறுபாடு ஏழு அடிகள். ஒரு நாளில் இழந்த ஏழினை ஈராண்டு கழித்து மீட்டார் எனலாம்.

கடல்கடந்த நாடுகளிலும் இதற்குச் சான்றுண்டு. 2011 ஏப்ரலில் அகஸ்டா நகரின் மாஸ்டர்ஸ் போட்டியில், நான்கு அடி முன்னணியோடு இறுதிநாளைத் தொடங்கிய வட அயர்லாந்தின் ரோரி மெக்கில்ராய், அன்று 80 அடிகள் எடுத்துப் பின்தங்கினார். அதே ஆண்டு ஜூனில் அமெரிக்க ஓபனை எட்டு அடி வேறுபாட்டில் வென்றார். அகஸ்டாவின் பட்டம் மட்டும் 2025 வரை அவரைக் காக்க வைத்தது. ஒரு காயம் இரண்டு மாதங்களில் ஆறலாம்; பதினான்கு ஆண்டுகளும் ஆகலாம் என்பதற்கு அவரே சான்று.

வீழ்ச்சியை இல்லையென்று சாதிப்பவர் எழுவதில்லை. அதன் சரியான எண்ணிக்கையில் ஒப்பமிட்டு, பந்து கிடக்கும் இடத்திலிருந்து அடுத்த அடியை ஆடுபவரே எழுகிறார். ஆகவே, தவறிய மாணவனுக்கு நாம் உரைக்க வேண்டுவது "மறந்துவிடு" என்பதன்று. "எங்கே தவறினோம் என்று பார்ப்போம், வா" என்பதாகும். மதிப்பெண்ணை வீட்டில் மறைப்பவன் கணக்கைக் குறைத்துக் காட்டியவனாகிறான். அடுத்த தேர்வுக்கு முன்பே அவன் களத்தை விட்டு விலகும் அச்சம் அங்கேதான் முளைவிடுகிறது.

விளையாட்டு வேறு, வாழ்க்கை வேறு என்பார் உளர். அவர் கூற்றிலும் உண்மையுண்டு. சௌராசியாவுக்கு அடுத்த ஆண்டும் போட்டி காத்திருந்தது. திருவண்ணாமலையைச் சூழ்ந்த சிற்றூர்களிலிருந்து பேருந்தேறி வரும், குடும்பத்தின் முதல் பட்டதாரியாகப் போகும் பிள்ளைக்கு அடுத்த சுற்று அவ்வளவு உறுதியன்று. 'அரியர்' ஒன்று விழுந்ததும், "படித்தது போதும், வேலைக்குப் போ" என்னும் குரல் வீட்டில் எழக்கூடும். அக்குரலின் பின்னே நிற்பது பெரும்பாலும் வறுமையே. அதைப் பழிப்பது தகாது. ஆனால் அடுத்த சுற்றுக்கான வாயிலைத் திறந்து வைப்பது நம் கடன். பெற்றோரை அழைத்துப் பேசுதல், மறுதேர்வுக் கட்டணத்திற்கு இறுதி நாளுக்குள் வழிசெய்தல், தவறிய பாடத்தை மாலையில் ஒரு மணிநேரம் உடனமர்ந்து பயிற்றல் ஆகியன எந்தக் கல்லூரிக்கும் இயலாதன அல்ல.

வள்ளுவர் ஓர் அதிகாரத்திற்கு 'இடுக்கண் அழியாமை' என்று பெயரிட்டார். 'இடுக்கண் வாராமை' என்றாரில்லை. துன்பம் வரும், அதனால் நாம் அழியாதிருத்தலே வேண்டும் என்னும் தெளிவு அத்தலைப்பிலேயே அமைந்துள்ளது.

முழுநிலா நாள்தோறும் மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடப்போரைக் கண்டு பழகிய ஊர் நம்முடையது. கால் நொந்து வழியோரம் அமர்ந்தவரை எவரும் இகழ்வதில்லை. தொடங்கிய இடத்திற்குத் திரும்பச் சொல்வதுமில்லை. தண்ணீர் கொடுக்கிறோம், அமர்ந்த இடத்திலிருந்தே அவர் எழுந்து நடக்கிறார். வழிநடைக்கு நாம் காட்டும் இப்பரிவைக் கல்விக்கும் காட்டுவோமாக.