காயத்துக்குப் பிறகு தொடங்கும் போர்

1918 செப்டம்பர் 23 அன்று முதல் உலகப் போரில் ஹைஃபா நகரைப் பிடித்த குதிரைப்படையில் ஜோத்பூர் வீரர்களோடு மைசூர் லான்சர்களும் இருந்தார்கள். அந்த வெற்றி இன்றும் நினைவுகூரப்படுகிறது. காயத்தோடு வீடு திரும்பியவர்களைப் பற்றி நாம் கேட்பதில்லை.

1965 இந்திய-பாகிஸ்தான் போரில் குண்டடிபட்டு இடுப்புக்குக் கீழ் செயலிழந்த முரளிகாந்த் பெட்கர், 1972இல் ஹைடல்பெர்க் பாராலிம்பிக்கில் நீச்சலில் தங்கம் வென்றார். 1971 போரில் காலை இழந்த ராணுவ அதிகாரி இயான் கார்டோசோ பின்னாளில் ஒரு படைப்பிரிவுக்கே தலைமை ஏற்றார். மேடைக்கு ஏற்ற கதைகள்தான். ஆனால் முதுகுத்தண்டு அடிபட்ட எல்லோருக்கும் பதக்கம் காத்திருப்பதில்லை. படுக்கைப்புண் வராமலிருக்க நள்ளிரவிலும் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். சிறுநீர்க் குழாயைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலும் அதைச் செய்பவர் மனைவி. மைசூரு சாமுண்டி மலையில் படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைத்து வேண்டிக்கொண்ட அந்த மனைவிக்குச் சாமி மீதே கோபம் வரலாம். வந்தால் தவறா? அவரைத் ‘தியாகி’ என்று புகழ்வது நமக்குச் செலவில்லாத காரியம்.

போர்க்காய ஓய்வூதியம் உண்டு, உதவியாளர் படியும் உண்டு. ஆனால் அலுத்துப்போன மனைவிக்கு ஒரு வாரம் ஓய்வு தர எந்தப் படியாலும் முடியாது. முதுகுத்தண்டு பாதித்த வீரர்களுக்கான மறுவாழ்வு மையங்கள் புனே அருகே கிர்க்கியிலும் மொகாலியிலும் இருக்கின்றன. மைசூருவுக்கு இரண்டுமே தொலைவு. மனைவி, பிள்ளைகளும் உடன் தங்கக்கூடிய மையம் ஒன்றை மத்திய அரசும் கர்நாடக அரசும் இணைந்து மைசூருவில் தொடங்க வேண்டும்.