பதினைந்து வயதில் வழிகாட்டுவது யார்?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியானால் போதும். ஜும்ஆ தொழுகை முடிந்து வெளியே வரும் நம்மை, மதிப்பெண் பட்டியலும் கையுமாகத் தகப்பன்மார்கள் சூழ்ந்து கொள்கிறார்கள். "ஹஜ்ரத், பையனை எந்தக் குரூப்பில் சேர்க்கலாம்?" மதரஸாவில் ஓதி வந்த நமக்கு இதற்குப் பதில் தெரியாது என்பதே உண்மை. பதில் தெரிந்த ஒருவர் அந்தப் பிள்ளை படித்த பள்ளிக்கூடத்திலேயே இருந்திருக்க வேண்டாமா?

பக்கத்து வீட்டுப் பையன் சேர்ந்தான் என்பதற்காக ஒரு குரூப். இடம் கிடைத்தது என்பதற்காக ஒரு குரூப். பிளஸ் ஒன்னில் கணிதத்தைக் கைவிட்டவன், இரண்டு ஆண்டு கழித்துப் பொறியியல் படிக்க ஆசைப்பட்டால் பெரும்பாலும் கதவு மூடிக் கிடக்கிறது. பத்தாம் வகுப்புக்குப் பின் மூன்றாண்டு பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்தவன், பொறியியல் கல்லூரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். இது எத்தனை பெற்றோருக்குத் தெரியும்? 'படிப்பு வரவில்லை' என்று கடைக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளில் எத்தனை பேர் வழி தெரியாமல் நின்றவர்கள்?

இது புதிய கோரிக்கை அல்ல. டாக்டர் இலட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு 1953-லேயே பள்ளிகளுக்குப் பயிற்சி பெற்ற வழிகாட்டும் அலுவலர்கள் தேவை என்றது. 1964-66 கோத்தாரி குழு, பத்துப் பள்ளிகளுக்கு ஓர் ஆலோசகராவது வேண்டும் என்றது. எழுபது ஆண்டுகள் ஓடிவிட்டன. நம் ஊர்ப் பள்ளியில் அந்த நாற்காலி எங்கே?

தமிழக அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் சொல்ல மாட்டோம். 2018-ல் 14417 உதவி எண் வந்தது. 2022-ல் 'நான் முதல்வன்' திட்டம் வந்தது. இரண்டையும் வரவேற்கிறோம். ஆனால், தொலைபேசி தானாக வந்து பிள்ளையின் முகத்தைப் பார்க்காது. கடைசி பெஞ்சில் ஒரு மாதமாகப் பேசாமல் இருக்கும் மாணவனையும், கல்யாணப் பேச்சால் படிப்பு நின்றுவிடுமோ என்று அஞ்சும் மாணவியையும் கண்டுகொள்ள, அன்றாடம் அங்கே இருக்கும் ஒரு மனிதர் வேண்டும். பாடம் நடத்தி, விடைத்தாள் திருத்திக் களைத்துப்போன ஆசிரியர் தலையில் இதையும் கட்டுவது நியாயமாகுமா?

மாணவர் தற்கொலைகளைத் தடுப்பதற்காக உச்சநீதிமன்றம் 2025 ஜூலையில் வழங்கிய நெறிமுறைகளில், நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்று கூறியிருக்கிறது. ஆகவே நாம் கேட்பது சலுகையல்ல. ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியிலும் ஆலோசகர் பணியிடம் உருவாக்கப்பட வேண்டும். அது நிரப்பப்படவும் வேண்டும்.

அரசு செய்யட்டும் என்று நாம் கைகட்டி நிற்கவும் கூடாது. சேர்க்கை தொடங்கும் முன் ஒரு மாலைப் பொழுதில், ஊரில் படித்து முடித்தவர்களையும் ஓய்வு பெற்ற ஆசிரியர்களையும் ஜமாஅத் நிர்வாகிகள் அழைத்து, பிள்ளைகளோடு உட்கார வைக்கலாமே! பெற்றோர்களே, படிவத்தில் கையெழுத்திடும் முன் உங்கள் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். படிக்கப் போவது நீங்கள் அல்ல, அவர்கள்தான்.